தலைவர் தப்பினார்; தளபதி மாறினார்!

2020-ம் ஆண்டு நவம்பர் 14. சனிக்கிழமை இரவு.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் ஆன் ஆர்பர் என்று ஓர் ஊர். அங்கே 1927-ல் திறந்த விளையாட்டு அரங்கம் ஒன்று இருக்கிறது. 1 லட்சத்து 7 ஆயிரத்து 601 பேர் உட்காரலாம். அந்த ஊரின் மக்கள் தொகையே சுமார் 1 லட்சத்து 24 ஆயிரம்தான் என்றால், அரங்கம் எவ்வளவு பெரியது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் இதைவிடப் பெரிய அரங்கம் கிடையாது.

அன்று அந்த அரங்கம் வெறிச்சோடிக் கிடந்தது. கொரோனா காலம். பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. காலி பெஞ்சுகளுக்கு நடுவே மிச்சிகன் பல்கலைக்கழக அணியும் விஸ்கான்சின் பல்கலைக்கழக அணியும் மோதின.

பாதி ஆட்டம் முடிந்தது. விஸ்கான்சின் 28. மிச்சிகன் 0!

அந்த அரங்கம் திறந்த நாளில் இருந்து, பாதி ஆட்டத்தில் மிச்சிகன் அணி இவ்வளவு பின்தங்கியது கிடையாது. ஆட்டம் முடியும்போது கணக்கு 49-11.

ரசிகர்கள் வீட்டில் டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்து பார்த்தார்கள். பார்த்துவிட்டுச் சும்மா இருப்பார்களா? "தலைமைப் பயிற்சியாளரை வீட்டுக்கு அனுப்பு" என்றார்கள் ஒரு சாரார். "அவர் இருக்கட்டும்; அவருக்குக் கீழே இருக்கும் ஆட்களை மாற்று" என்றார்கள் இன்னொரு சாரார். அதன் பிறகு பல மாதங்கள் அந்த மாநிலத்தில் அலுவலகத்திலும் தொழிற்சாலையிலும் ரேடியோ நிகழ்ச்சியிலும் இதே பேச்சுத்தான்.

கடைசியில் என்ன நடந்தது? யார் சொன்னது பலித்தது?

கையால் ஆடும் கால்பந்து

அமெரிக்காவில் "புட்பால்" என்றால் நம் ஊர்ப் பையன்கள் மைதானத்தில் ஆடும் கால்பந்து அல்ல. பந்து முட்டை வடிவில் இருக்கும். அதைப் பெரும்பாலும் கையில்தான் பிடிக்கிறார்கள். ஒரு பக்கத்துக்கு 11 பேர். தலையில் ஹெல்மெட், தோளில் கவசம். மோதல் பலமாக இருக்கும்.

மைதானம் 100 கெஜ நீளம். பந்து வைத்திருக்கும் அணிக்கு 4 வாய்ப்பு. அதற்குள் 10 கெஜமாவது முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி 4 வாய்ப்பு. முன்னேறாவிட்டால் பந்து எதிரிக்குப் போய்விடும். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடலாம்; இன்னொருவருக்கு எறியலாம். எதிரியின் எல்லைக் கோட்டுக்குள் கொண்டுபோய்விட்டால் 6 புள்ளி. அதற்கு "டச் டவுன்" என்று பெயர்.

ஒவ்வொரு வாய்ப்புக்கும் ஆட்டம் நின்று மறுபடி தொடங்கும். இடையில் சில விநாடிகளே அவகாசம். அந்தச் சில விநாடிக்குள் "அடுத்து என்ன செய்வது?" என்று முடிவு செய்ய வேண்டும். ஓடுவதா, எறிவதா? எதிரி எறிவானா, ஓடுவானா? ஒரு ஆட்டத்தில் இப்படி நூறு முறைக்கு மேல் முடிவெடுக்க வேண்டும்.

இந்த முடிவை எடுப்பது யார்? பல அணிகளில் தலைமைப் பயிற்சியாளர் அல்ல. அவருக்குக் கீழே இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் தாக்குதல் பிரிவுக்கு. இன்னொருவர் தற்காப்புப் பிரிவுக்கு. "கோஆர்டினேட்டர்" என்று பதவிப் பெயர். இரண்டு தளபதிகள் என்று வைத்துக்கொள்ளலாம்.

தளபதி அரங்கத்தின் உச்சியில் உள்ள கண்ணாடி அறையில் உட்கார்ந்திருப்பார். அல்லது மைதான ஓரத்தில் காதில் ஒலிக்கருவி மாட்டி நிற்பார். கையில் ஒரு பெரிய அட்டை. அதில் நூற்றுக்கணக்கான வியூகங்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சொல்வார். அதைக் கை ஜாடையாலும், படம் போட்ட பலகையாலும் வீரர்களுக்குத் தெரிவிப்பார்கள். ஹெல்மெட்டுக்குள் ரேடியோ வைத்துப் பேசும் அனுமதி பெரிய கல்லூரி அணிகளுக்கு 2024-ல்தான் வந்தது.

ரயில் தாமதமானால் பயணிகள் ஸ்டேஷன் மாஸ்டரிடம் சண்டைக்குப் போவார்கள். கேபினில் நின்று லீவரை இழுத்தவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. அமெரிக்க ரசிகர் அப்படி அல்ல. கேபினில் இருப்பவர் பெயர், வயது, முன்பு எந்த ஊரில் வேலை பார்த்தார், அங்கே எத்தனை முறை தவறு செய்தார் என்பது வரை விரல் நுனியில் வைத்திருப்பார்!

பக்கத்து மாநிலப் பகை

மிச்சிகன் ரசிகர்களின் கோபத்துக்கு விஸ்கான்சின் தோல்வி மட்டும் காரணம் அல்ல. உண்மையான புண் வேறு இடத்தில் இருந்தது. அதன் பெயர் ஓஹியோ.

ஓஹியோ பக்கத்து மாநிலம். 1835-ல் டொலீடோ என்ற ஊர் யாருக்கு என்று இரண்டு மாநிலத்தாரும் ஆயுதம் ஏந்தி எல்லையில் நின்றார்கள். ஊர் ஓஹியோவுக்குப் போயிற்று. மிச்சிகனுக்குப் பதிலாக வடக்கே ஒரு தீபகற்பம் கிடைத்தது. அந்தப் பழைய எல்லைத் தகராறு பின்னாளில் பந்தாட்ட மைதானத்துக்கு வந்து சேர்ந்தது.

இரண்டு பல்கலைக்கழகங்களும் முதலில் மோதியது 1897-ல். மிச்சிகன் 34-0 என்று வென்றது. 1918-ல் இருந்து ஒரு வருடம்கூட விடாமல் ஆடினார்கள். மற்ற ஆட்டம் எல்லாம் தோற்றாலும் இந்த ஒன்றில் ஜெயித்தால் போதும் என்று நினைக்கிறவர்கள் இரண்டு பக்கமும் உண்டு.

2012 முதல் 2019 வரை 8 முறை தொடர்ந்து ஓஹியோ வென்றது. 2018-ல் 62-39. 2019-ல் 56-27. இதுதான் புண்.

இந்தப் புண்ணை ஆற்றத்தான் 2014 டிசம்பரில் ஜிம் ஹார்பாவைக் கூட்டி வந்தார்கள். அவர் வெளி ஆள் அல்ல. 1980-களில் அதே மிச்சிகன் அணிக்கு ஆடியவர். பிறகு தொழில்முறை அணிகளில் ஆடினார். சான் பிரான்சிஸ்கோ அணியைப் பயிற்றுவித்து, நாட்டின் மிகப் பெரிய இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் வரை கொண்டுபோனார். அங்கே அவரைத் தோற்கடித்தது யார் தெரியுமா? பால்டிமோர் அணியின் பயிற்சியாளரான அவருடைய சொந்த அண்ணன் ஜான் ஹார்பா!

இவ்வளவு பெயர் பெற்றவர் ஊருக்குத் திரும்பியதும் ஊரே கொண்டாடியது. முதல் 5 ஆண்டில் 47 வெற்றி, 18 தோல்வி. மோசம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஓஹியோவுடன் 5 ஆட்டம், ஐந்திலும் தோல்வி.

ஆறு ஆட்டம், நாலு தோல்வி

அப்படி இருக்கும்போது வந்தது 2020. கொரோனாவால் ஆட்டமே கிடையாது என்று ஆகஸ்டில் அறிவித்தார்கள். செப்டம்பரில் முடிவை மாற்றினார்கள். அக்டோபர் 24-ந் தேதி பந்தயம் தொடங்கியது.

முதல் ஆட்டத்தில் மின்னசோட்டாவை மிச்சிகன் 49-24 என்று வீழ்த்தியது. ரசிகர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அதோடு சரி. அடுத்த வாரம், அதே மாநிலத்தின் இன்னொரு பல்கலைக்கழகமான மிச்சிகன் ஸ்டேட்டிடம் 27-24 என்று தோல்வி. பிறகு இந்தியானாவிடம் 38-21. இந்தியானா அணி மிச்சிகனை வென்றது 1987-க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. பிறகு விஸ்கான்சின். ரட்கர்ஸ் அணியை மூன்று முறை கூடுதல் நேரம் ஆடி 48-42 என்று தட்டுத்தடுமாறி ஜெயித்தார்கள். அதுவரை 5 ஆட்டத்திலும் தோற்றிருந்த பென் ஸ்டேட் அணி ஆன் ஆர்பருக்கு வந்து, தன் முதல் வெற்றியை அங்கே எடுத்துக்கொண்டு போயிற்று.

அத்துடன் அணியில் கொரோனா பரவியது. மீதி மூன்று ஆட்டம் ரத்து. அதில் ஓஹியோ ஆட்டமும் ஒன்று. 1918-ல் இருந்து அறுபடாத தொடர் அறுந்தது. "தோற்றுவிடுவோம் என்று பயந்து ஒதுங்கிவிட்டார்கள்" என்று எதிர் மாநிலத்தில் கேலி பேசினார்கள். மிச்சிகன் ரசிகருக்கு அது தோல்வியைவிடக் கசந்தது.

சம்பளம் பாதி

டிசம்பர் மாதம் முடிவு தெரிந்தது. ஹார்பாவை நீக்கவில்லை. தற்காப்புத் தளபதி டான் பிரவுனை நீக்கினார்கள்.

2021 ஜனவரியில் ஹார்பாவுக்குப் புது ஒப்பந்தம் போட்டார்கள். ஆண்டுக்குச் சுமார் 80 லட்சம் டாலர் வாங்கிக்கொண்டிருந்தவருக்கு அடிப்படைச் சம்பளம் 40 லட்சம் டாலர். பாதியாக வெட்டிவிட்டார்கள்! ஜெயித்தால் போனஸ் உண்டு. ஹார்பா கையெழுத்துப் போட்டார்.

பாதியே 40 லட்சம் டாலரா என்று நமக்குத் தலை சுற்றும். அங்கே கல்லூரி ஆட்டத்தில் டெலிவிஷன் மூலமும் டிக்கெட் மூலமும் கொட்டும் பணம் அப்படி. ஆனால் மைதானத்தில் எலும்பு முறிய ஆடும் மாணவனுக்கு அப்போது சம்பளம் கிடையாது. படிப்புச் செலவும் சாப்பாடும் தங்குமிடமும்தான். தன் பெயரையும் படத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம் என்ற அனுமதி 2021 ஜூலையில் வந்தது. பல்கலைக்கழகமே மாணவனுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம் என்று ஆனது 2025 ஜூலையில்.

பிரவுன் குற்றவாளியா?

டான் பிரவுன் 2016-ல் வந்தவர். வயதில் மூத்தவர். கல்லூரிகளில் பல ஆண்டு அனுபவம். எதிரணியில் பந்து எறிபவரை நோக்கிக் கூடுதல் ஆட்களைப் பாய விடுவது அவருடைய பாணி. அந்தப் பாய்ச்சலுக்கு "பிளிட்ஸ்" என்று பெயர். அதனால் அவருக்கே "டாக்டர் பிளிட்ஸ்" என்று பட்டப் பெயர் வைத்துவிட்டார்கள்.

முதல் ஆண்டுகளில் அவருடைய தற்காப்புப் பிரிவு நாட்டின் முதல் வரிசையில் இருந்தது. ரசிகர்கள் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். ஆனால் அந்தப் பாணியில் ஒரு ஓட்டை உண்டு. பலர் முன்னால் பாய்ந்துவிட்டால் பின்னால் ஆள் குறையும். எதிரணி வீரன் ஒவ்வொருவனுக்கும் ஒரே ஒரு காவல்தான் மிஞ்சும். எதிரியிடம் அதிவேக ஓட்டக்காரர்கள் இருந்தால், அவர்கள் குறுக்கே வெட்டி ஓடுவார்கள், காவல் பிந்திவிடும். ஓஹியோவிடம் அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள். 62 புள்ளியும் 56 புள்ளியும் அந்த ஓட்டை வழியாகத்தான் வந்தன என்பது ரசிகர்களின் வாதம்.

"ஒரு வருடம் அடி வாங்கினார். சரி. அடுத்த வருடமும் அதே வியூகத்தை வைத்து அதே இடத்தில் அடி வாங்கலாமா?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

பிரவுனுக்காகப் பேசியவர்களும் உண்டு. அவர்கள் காட்டிய காரணமும் பொய் அல்ல. அணியின் தற்காப்புத் தூண் ஏடன் ஹட்சின்சன் என்ற மாணவர். அவருடைய தந்தையும் மிச்சிகனுக்கு ஆடியவர். 2020-ன் மூன்றாவது ஆட்டத்திலேயே அவருக்குக் கால் எலும்பு முறிந்தது. "தூண் சாய்ந்த வீட்டுக்கு மேஸ்திரி என்ன செய்வார்?" என்றார்கள்.

33 வயசுப் பையனா?

காலியான இடத்துக்கு யார்? பெயர் பெற்ற தளபதி ஒருவர் வருவார் என்று ரசிகர்கள் காத்திருந்தார்கள்.

ஜனவரியில் வந்த பெயர் மைக் மெக்டொனால்ட். வயது 33. அதற்கு முன் எந்தக் கல்லூரியிலும், எந்தத் தொழில்முறை அணியிலும் தளபதியாக இருந்தது இல்லை. கல்லூரி அளவில் அவர் ஆடியதும் இல்லை. ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் படித்து, அங்கேயே பயிற்சியாளர்களுக்கு எடுபிடியாகத் தொடங்கியவர். 2014-ல் பால்டிமோர் அணியில் கற்றுக்குட்டியாகச் சேர்ந்து, ஒவ்வொரு படியாக ஏறி, தற்காப்பின் நடு வரிசைக்குப் பயிற்சி கொடுக்கும் இடத்துக்கு வந்திருந்தார்.

பால்டிமோர் அப்போது யாருடைய அணி? அண்ணன் ஜான் ஹார்பாவின் அணி!

ஊர் இரண்டுபட்டது.

எதிர்த்தவர்கள் கேட்டது இதுதான். "தம்பி கஷ்டத்தில் இருக்கிறார் என்று அண்ணன் வீட்டில் இருந்து ஆள் அனுப்புகிறாரா? பல்கலைக்கழகமா, குடும்பச் சொத்தா?" அவர்கள் சந்தேகத்துக்கு எண்ணெய் ஊற்ற இன்னொரு விஷயமும் இருந்தது. ஹார்பாவின் மகன் ஜே ஹார்பாவும் அதே மிச்சிகன் அணியில் பயிற்சியாளர். "முன்பின் தளபதி வேலை பார்க்காதவர் கையில் ஒரு லட்சம் பேர் மானத்தைக் கொடுக்கலாமா? ஓஹியோக்காரன் சிரிப்பான்" என்றார்கள்.

ஆதரித்தவர்களின் பதிலும் சூடாகவே இருந்தது. "அனுபவசாலியை ஐந்து வருடம் பார்த்தாயிற்று. அனுபவம் 62 புள்ளியை நிறுத்தியதா? பால்டிமோர் தற்காப்புக்குப் பேர்போன ஊர். அங்கே அடிமட்டத்தில் இருந்து தொழில் கற்றவன் சும்மா வரமாட்டான். ஒரு வருடமாவது விட்டுப் பாருங்கள்" என்றார்கள்.

மற்ற நியமனங்களும் விவாதத்துக்கு வந்தன. மைக் ஹார்ட் என்ற பழைய மாணவரை ஓட்ட வீரர்களுக்குப் பயிற்சியாளராக அழைத்தார்கள். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவதில் மிச்சிகனின் மொத்தக் கெஜக் கணக்கில் முதலிடம் அவருக்கு. ஆனால் மாணவராக ஆடிய 4 ஆண்டிலும் ஓஹியோவிடம் தோற்றவர். அந்த வடு அவருக்கும் உண்டு. உயர்நிலைப் பள்ளி ஒன்றில் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த இன்னொரு பழைய மாணவரையும் சேர்த்தார்கள். முன்வரிசையின் பொறுப்பு ஷெரோன் மூர் என்ற இளம் பயிற்சியாளருக்குப் போயிற்று; துணைத் தாக்குதல் தளபதி பட்டமும் சேர்ந்தது.

தாக்குதல் தளபதி ஜாஷ் கேட்டிஸ் மட்டும் மாறவில்லை. "வேகமானவனுக்கு வெட்டவெளியில் பந்தைக் கொடு" என்பது அவர் 2019-ல் வந்தபோது சொன்ன கொள்கை. கொள்கை பேச்சில் இருக்கிறது, மைதானத்தில் காணோமே என்று ரசிகர்கள் முணுமுணுத்தார்கள். "ஒரு சக்கரத்தை மட்டும் மாற்றினால் வண்டி நேரே போகுமா?" என்றும் கேட்டார்கள்.

முகமூடி வியூகம்

2021 செப்டம்பரில் அரங்கம் மறுபடி நிரம்பியது.

மெக்டொனால்ட் என்ன மாற்றினார்? பிரவுன் பாய்ந்த இடத்தில் இவர் ஒளித்தார். ஆட்டம் தொடங்கும் முன் வீரர்கள் ஒரு மாதிரி நிற்பார்கள். பந்து நகர்ந்ததும் வேறு மாதிரி மாறிவிடுவார்கள். பாயப் போகிறவன் போல நின்றவன் பின்வாங்குவான். பின்னால் நின்றவன் பாய்வான். ஆளுக்கு ஆள் காவல் என்பதோடு, இடத்துக்கு ஒரு காவல் என்ற முறையையும் கலந்தார். எறிபவர் ஒரு நொடி தயங்குவார். அந்த ஒரு நொடி போதும், இரண்டு ஓரங்களில் இருந்து இரண்டு பேர் அவரைப் பிடித்துவிட.

அந்த இரண்டு பேரில் ஒருவர் ஹட்சின்சன். கால் குணமாகிவிட்டது. தொழில்முறை ஆட்டத்துக்குப் போயிருக்கலாம். போகாமல் இன்னொரு வருடம் கல்லூரியிலேயே தங்கினார். இன்னொருவர் டேவிட் ஓஜாபோ. நைஜீரியாவில் பிறந்து, ஸ்காட்லாந்தில் வளர்ந்து, உயர்நிலைப் பள்ளிக் காலத்தில் அமெரிக்கா வந்தவர். முந்தைய ஆண்டு அவரை யாரும் கவனித்ததுகூட இல்லை.

முதல் 7 ஆட்டமும் வெற்றி. முணுமுணுப்பு அடங்கியது. ஆனால் அக்டோபர் 30-ந் தேதி மிச்சிகன் ஸ்டேட்டுடன் ஆட்டம். 30-14 என்று முன்னிலையில் இருந்து, கோட்டைவிட்டு, 37-33 என்று தோற்றார்கள். எதிரணியின் ஒரே ஓட்டக்காரர் 5 டச் டவுன் போட்டார்.

"நாங்கள் சொல்லவில்லையா?" என்று பழைய குரல்கள் எழுந்தன. பெரிய ஆட்டம் என்றால் இந்த அணி கவிழும் என்று எழுதி வைத்துவிட்டார்கள். அடுத்த மாதம் ஓஹியோ வரப் போகிறது.

பனியில் தீர்ந்த கடன்

நவம்பர் 27. ஆன் ஆர்பரில் பனி பெய்தது. அரங்கத்தில் 1 லட்சத்து 11 ஆயிரத்து 156 பேர்.

பாதி ஆட்டத்தில் மிச்சிகன் 14, ஓஹியோ 13. ஒரு புள்ளிதான் வித்தியாசம். இரண்டாம் பாதியில் மிச்சிகன் பந்தை எறிவதைக் குறைத்துக்கொண்டது. தூக்கிக்கொண்டு ஓடியது. மறுபடி ஓடியது. மூர் பழக்கிய முன்வரிசை சுவர் போல எதிரியைத் தள்ளிக்கொண்டு போக, பின்னால் ஹாசன் ஹாஸ்கின்ஸ் ஓடினார். 169 கெஜம், 5 டச் டவுன். ஓட்டத்திலேயே அணி எடுத்தது 297 கெஜம். கேட்டிஸின் வேகக் கொள்கை எங்கே போயிற்று என்று அன்று யாரும் கேட்கவில்லை.

மறுபக்கம் ஹட்சின்சன் ஓஹியோவின் எறிபவரை 3 முறை தரையில் சாய்த்தார்.

முடிவு: மிச்சிகன் 42. ஓஹியோ 27.

2011-க்குப் பிறகு முதல் வெற்றி. மாணவர்கள் வேலியைத் தாண்டி மைதானத்துக்குள் குதித்தார்கள். வெள்ளைப் பனி தெரியாத அளவுக்குக் கூட்டம். 33 வயசுப் பையன் என்று ஏசியவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள்!

அடுத்த வாரம் அயோவாவை 42-3 என்று வென்று, 2004-க்குப் பிறகு முதல் முறையாக "பிக் டென்" வட்டாரப் பட்டத்தைப் பெற்றார்கள். தேசிய அரை இறுதியில் ஜார்ஜியாவிடம் 34-11 என்று தோற்றார்கள். மொத்தம் 14 ஆட்டத்தில் 12 வெற்றி. நாட்டின் சிறந்த துணைப் பயிற்சியாளருக்கு ஆண்டுதோறும் வழங்கும் பிராய்ல்ஸ் விருது கேட்டிஸுக்குக் கிடைத்தது. மூரின் முன்வரிசைக்கு நாட்டின் சிறந்த முன்வரிசை என்ற விருது.

இன்னொரு செய்தியும் உண்டு. கொரோனாவில் சம்பளம் வெட்டப்பட்டது ஹார்பாவுக்கு மட்டும் அல்ல; விளையாட்டுத் துறையில் வேலை பார்த்த சாதாரண ஊழியர்களுக்கும் வெட்டினார்கள். அந்த ஆண்டு ஹார்பாவுக்கு வெற்றி போனஸ் 15 லட்சம் டாலருக்கு மேல் வந்தது. அதைச் சம்பளம் இழந்த அந்த ஊழியர்களுக்கே கொடுத்துவிடுகிறேன் என்று அறிவித்தார். திட்டியவர்களும் அன்று வாழ்த்தினார்கள்.

மறுபடி காலி நாற்காலி

நல்ல வேலைக்காரனைப் பிடித்து வைப்பது கடினம். 2022 ஜனவரியில் மெக்டொனால்ட் பால்டிமோருக்கே தற்காப்புத் தளபதியாகத் திரும்பிவிட்டார். ஒரே ஒரு வருடம்தான் ஆன் ஆர்பரில் இருந்தார். 2024-ல் சியாட்டில் அணி அவரைத் தலைமைப் பயிற்சியாளர் ஆக்கியது. கேட்டிஸும் 2022-ல் மயாமிக்குப் போனார்.

தற்காப்புக்கு வந்தவர் ஜெஸ்ஸி மின்டர். அவரும் பால்டிமோரில் வேலை பார்த்தவர். ஆனால் கடைசியாக இருந்த வாண்டர்பில்ட் பல்கலைக்கழக அணி, 2021-ல் 12 ஆட்டத்தில் 10-ல் தோற்ற அணி! "தோற்ற இடத்தில் இருந்தா ஆள் எடுப்பது?" என்று மறுபடி வாதம். பதில் மைதானத்தில் வந்தது. 2022-ல் ஓஹியோவை அதன் சொந்த ஊரிலேயே 45-23 என்று வென்றார்கள். 2023-ல் 15 ஆட்டம், 15 வெற்றி. 2024 ஜனவரி 8-ந் தேதி ஹூஸ்டன் நகரில் வாஷிங்டன் அணியை 34-13 என்று வீழ்த்தி தேசிய சாம்பியன் ஆனார்கள்.

அந்த வெற்றியில் ஒரு கறையும் உண்டு. எதிரணிகளின் கை ஜாடைகளை அறிய, அவர்கள் ஆடும் ஆட்டங்களுக்கு விதியை மீறி முன்கூட்டியே ஆள் அனுப்பினார்கள் என்று 2023-ல் புகார் எழுந்தது. வழக்கமான ஆட்டங்களில் கடைசி மூன்றுக்கு ஹார்பாவுக்குத் தடை. ஓஹியோ ஆட்டத்தில் அவருக்குப் பதில் மூர் தலைமை தாங்கி 30-24 என்று வென்றார். 2025 ஆகஸ்டில் கல்லூரி விளையாட்டுச் சங்கம் மிச்சிகனுக்குக் கோடிக்கணக்கான டாலர் அபராதம் விதித்தது. பட்டத்தைப் பறிக்கவில்லை. தளபதியின் ஜாடைக்கு எவ்வளவு மதிப்பு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

2024-ல் ஹார்பா தொழில்முறை அணிக்குப் போனார். மின்டரும் கூடவே போனார். மூர் தலைமை ஏற்றார். அந்த ஆண்டு தாக்குதல் தளபதி கிர்க் கேம்ப்பெல். பந்து எறிவதில் அணி படு மோசம். ஆனாலும் நவம்பர் 30-ந் தேதி ஓஹியோவை அதன் மண்ணில் 13-10 என்று வென்றார்கள். அந்த ஆண்டு தேசிய சாம்பியன் ஆனதே ஓஹியோதான்! அன்றைய ஆட்டத்தில் மிச்சிகன் எறிந்து எடுத்தது 62 கெஜம் மட்டுமே.

ஓஹியோவை ஜெயித்த வாரமே கேம்ப்பெல்லின் வேலை போயிற்று.

அடுத்து யார்? ஆன் ஆர்பரில் அன்று மாலையே பேச்சு தொடங்கிவிட்டது. அனுபவசாலி வேண்டும் என்றார் ஒருவர். இளம் ஆள் போதும் என்றார் இன்னொருவர். "33 வயசு மெக்டொனால்ட் வந்தபோது நீ என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா?" என்று கேட்டிருப்பார் பக்கத்தில் இருந்தவர். அதற்கு மட்டும் பதில் வந்திருக்காது!